இரண்டு நூல் கோணல்

தடைக்காலம் முடிய ஒன்பது நாள்.
அக்கரைப்பேட்டையில் கடுவையாறு
வற்றிக் கிடக்கும் நேரம் பார்த்து
போட்டின் பின்புறம் சேற்றில் உட்கார்ந்து
விசிறியைக் கழற்றினோம்,
நானும் தெய்வசிகாமணியும்.
போட்டில் பாதி எனக்கு, பாதி அவனுக்கு.
பேச்சில்தான் ஏப்ரல் பத்திலிருந்து
இருவருக்கும் பங்கில்லை.

அன்றிரவு சுக்கான் அவன் கையில்.
முகத்துவாரத்தில் கொட்டிய கருங்கல்லில்
விசிறி உரசியது. ஒரு சத்தம்.
பிறகு காலடிப் பலகை முழுக்க நடுக்கம்,
ஓடும் மிக்சியில் கரண்டி விழுந்தது போல.
"கண்ண எங்கடா வச்சிருந்தே" என்று
எட்டு ஆள் முன்னால் கேட்டேன்.
தங்கை புருஷனை 'டா' போட்டது
அதுதான் முதல் தடவை.
மறுநாள் தங்கையிடமும் கேட்டேன்.

கப்ளிங் போல்ட்டுகளில் மூன்று
துருவில் செத்திருந்தன, கேஸ் வைத்து வெட்டினோம்.
கீ உள்ளேயே கடித்துக்கொண்டது.
மண்ணெண்ணெய் ஊற்றி, விடிய விட்டு,
சுக்கானை இறக்கி,
வேப்பங்கட்டையை வைத்துச் சம்மட்டியால் தட்ட
மனசில்லாமல் வெளியே வந்தது
ஒன்பதடி இரும்பு.

டாட்டா ஏஸில் நீட்டிப் போட்டு
துருத்திய முனையில் சிவப்புத் துணி கட்டி
வெளிப்பாளையம் போனோம்.
பள்ளம் வந்தபோதெல்லாம்
இருவர் கையும் ஒரே சமயத்தில் பிடித்தது.

அமலோற்பவம் லேத்தில் ஏற்றி
கையால் ஒரு சுற்று சுற்றினாள்.
கேஜின் முள் போய்ப் போய் வந்தது.
"ரெண்டு நூல் கோணல். எடுத்துரலாம்.
புதுசுன்னா நாப்பதாயிரம்."
சாக்பீஸால் ஒரு வட்டம்.
நீலத் தீ, ஈரச் சாக்கு, பிரஸ்.
மறுபடி முள். மறுபடி சாக்பீஸ்.
மூன்று மணிக்கு முள் மயிரிழைதான் அசைந்தது.

அவன் டீக்குப் போயிருந்தான்.
அமலோற்பவம் ஷாப்டின் மேல் நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தாள்.
கிளாண்ட் உட்காரும் இடத்தில் நகம் விழுந்தது.
கழற்றாத வளையலின் தடம் மாதிரி
சுற்றிலும் ஒரு பள்ளம்.
"கோணல் கல்லால வந்ததுண்ணே.
இந்த மெலிவு ரெண்டு வருஷத்து வேலை.
சொட்டக் கூடாதுன்னு யாரோ
பேக்கிங்க இறுக்கி இறுக்கி
இரும்பத் தின்ன விட்டிருக்காங்க.
கல்லு படலேன்னா
ஆடிக்குள்ள நடுக்கடல்ல ஒடிஞ்சிருக்கும்."

தினமும் காலையில்
ஸ்பானரைப் போட்டுக் கால் சுற்று.
அடித்தட்டில் பொட்டுத் தண்ணீர் இல்லாத போட்டு
இந்தக் கரையில் எங்களுடையதுதான் என்று
ஐஸ் கம்பெனி வாசலில் சொல்லியிருக்கிறேன்,
கேட்காதவர்களிடமும்.

பள்ளத்தில் வெல்டிங் நிரப்பி, கடைந்து,
ராத்திரி ஒன்பதுக்குத் தந்தாள்.
பில்லில் அதற்குத் தனியாக ஒரு வரி.
பாதிப் பணத்தை அவன் எண்ணி வைத்தான்.
வரியைப் படித்தானா, தெரியாது.

மாட்டுகிற நாளில் மேட்டூரைத் திறந்ததாக
ரேடியோ சொன்னது.
அந்தத் தண்ணீர் இங்கே வந்தால் பார்ப்போம்.
இந்தக் கடைசி முழத்தில்
ஆற்றை நிரப்புவது கடல்தான்.
வெளியே சேற்றில் அவன்,
உள்ளே இஞ்சினுக்குப் பின்னால்
தலைகீழாக நான்.
டீசல் வாடை அடிக்கும் இருட்டைப் பார்த்துச் சொன்னேன்:
"கிளாண்ட இறுக்குனது நான்தான்."
பலகைக்கு அந்தப் பக்கம்
சம்மட்டி ஒரு தட்டு தவறியது.
"தெரியும். பில்லுல இருந்துச்சு.
கப்ளிங்கப் பிடி, சுத்தப் போறேன்."

ஏற்றத்தில் போட்டு மிதந்தது.
லேலண்டைக் கிளப்பி மெதுவாக விட்டோம்.
நடுக்கமில்லை.
கிளாண்டில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது.
என் கை ஸ்பானருக்குப் போனது.
அதன் மேல் அவன் கால்.
செல்போனைப் பார்த்தபடி எண்ணினான்:
அஞ்சு, ஆறு,
ஏழு.
கொஞ்ச நேரம் ஒன்றும் விழவில்லை.
எட்டு.
"இருக்கட்டும்" என்றான்.